பினாங்கு கடல்ல போட், கயாக் எடுக்கப் போறீங்களா? ஆமை, பறவை, டால்ஃபினுக்குத் தொந்தரவு இல்லாம போய்ட்டு வர முழு வழிகாட்டி

ஏழு வருஷமா தெலுக் பஹாங், பூலாவ் பெத்தோங் பக்கம் கயாக் எடுத்துட்டுப் போறேன். கடைசி நாலு வருஷமா சொந்தக்காரப் பசங்க, வேலை இடத்துக் கூட்டாளிங்கன்னு புதுசா வர்றவங்களையும் கூட்டிட்டுப் போறேன். இத்தனை நாள்ல நான் பாத்தது என்னன்னா, யாரும் வேணும்னே ஒரு ஆமைய மிரட்டுறது இல்ல, ஒரு பறவைக் கூட்டத்த விரட்டுறது இல்ல. தப்பான நேரத்துல போறோம், அவசரத்துல கண்ட இடத்துல கால் வைக்கிறோம், பைய கட்டாம விடுறோம், அதுலதான் சேதம் நடக்குது.

அதனால இதுல வரிசைதான் முக்கியம். 1 முடிக்காம 4-க்குத் தாவாதீங்க. பாதிக்கு மேல வேலை தண்ணியில இறங்குறதுக்கு முன்னாடியே முடிஞ்சிடும்.

1. நாள் குறிக்கிறதுக்கு முன்னாடி பாசாங், சூருட் (தண்ணி ஏத்தம், வத்தல்) பாருங்க

எல்லாரும் முதல்ல சனிக்கிழமையா ஞாயித்துக்கிழமையான்னுதான் பாக்குறாங்க. முதல்ல பாக்க வேண்டியது தண்ணி எப்போ ஏறுது, எப்போ வத்துதுன்னு. பினாங்கு கடல்ல ஒரு நாளைக்கு ரெண்டு தடவ ஏறும், ரெண்டு தடவ வத்தும், அடுத்த நாள் அதே ஏத்தம் கிட்டத்தட்ட 50 நிமிஷம் தள்ளி வரும். போன வாரம் காலைல 9 மணிக்குத் தண்ணி நல்லா இருந்திச்சேன்னு இந்த வாரமும் அதே நேரத்துக்கு வந்தீங்கன்னா வெறும் சேறுதான் இருக்கும்.

வீட்டுல தொங்குற தமிழ் நாள்காட்டியே இதுக்குப் பாதி உதவி பண்ணும். அமாவாசை, பௌர்ணமி, அதுக்கு அடுத்த ஒன்னு ரெண்டு நாள்ல தண்ணி ரொம்ப ஏறி ரொம்ப வத்தும், இழுப்பும் ஜாஸ்தி. அஷ்டமி ஒட்டி ஏத்த இறக்கம் கம்மி. புது ஆளுங்கள பாக்காவ் (அலையாத்தி) காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போறதா இருந்தா நான் அஷ்டமி பக்கத்துல வர்ற லீவு நாளத்தான் எடுப்பேன், நல்ல காரியத்துக்கு ஆகாதுன்னு வீட்டுல சொன்னாலும் கயாக்குக்கு அதுதான் நல்ல நாள். சரியான மணி நேரத்துக்கு டைட் ஆப் ஏதாவது ஒன்னு போட்டு வச்சுக்கங்க.

இது எதுக்கு மிருகங்களுக்கு முக்கியம்னா, தண்ணி வத்துன சேறுதான் பறவைங்களுக்குச் சாப்பாட்டு மேசை. அந்த நேரத்துல நீங்க அங்க மாட்டிக்கிட்டா இறங்கி நடந்துதான் ஆகணும். ஒரு தடவ பூலாவ் பெத்தோங் பக்கம் ஒன்பது பேரோட இப்படித்தான் மாட்டினோம், கிளம்புறதுக்கு 40 நிமிஷம் லேட், அந்த 40 நிமிஷத்துல வாய்க்கால் போயிடுச்சு. ஒவ்வொருத்தரா இறங்கி முட்டி அளவு சேத்துல கயாக்க இழுத்தாங்க. திரும்பிப் பாத்தா நாங்க வந்த வழி பூரா நண்டு வளை மூடிப் போயிருக்கு, கட்டை விரல் உயரத்துக்கு முளைச்சி நின்ன பாக்காவ் கன்னுங்க சேத்துல அழுந்திக் கிடக்கு. எதுத்தாப்ல சேத்துல மேஞ்சுக்கிட்டிருந்த கொக்குக் கூட்டம் நாங்க கரை ஏறுற வரைக்கும் திரும்பி வந்து உக்காரவே இல்ல. அந்தக் கூட்டத்துக்குத் தலைவன் நான், நேரத்த நான்தான் கறாரா சொல்லியிருக்கணும்.

அதுக்கு அப்புறம் நான் வச்சிருக்கற கணக்கு: தண்ணி உச்சத்துக்கு ஏற ரெண்டு மணி நேரம் இருக்குறப்போ இறங்கணும், உச்சம் தாண்டி ஒரு மணி நேரத்துக்குள்ள வெளிய வந்திடணும். யாராவது லேட்டா வந்தா காத்திருக்க மாட்டேன், இல்லன்னா இடத்த மாத்திடுவேன்.

காத்தையும் பாருங்க. ஏப்ரல்ல இருந்து நவம்பர் வரைக்கும் விடியக் காலைல சுமாத்ரா பக்கத்துல இருந்து திடீர்னு அடிக்கிற காத்து மழை இருக்கே, அது வந்தா கூட்டமே பதறி கெடச்ச கரையில ஏறும், செருப்பு, போத்தல், டப்பா எல்லாம் கடலோட போகும். முதல் நாள் ராத்திரியும் கிளம்புற காலையும் மெட் மலேசியா வானிலை அறிக்கைய ரெண்டு தடவ பாத்துட்டுக் கிளம்புங்க.

2. போற இடத்துல யார் குடியிருக்காங்கன்னு தெரிஞ்சுக்கங்க

இடத்துக்கு இடம் ஜாக்கிரதை மாறும். எல்லா இடத்துக்கும் ஒரே விதின்னு நினைக்கிறதுதான் புதுசா வர்றவங்க பண்ற ரெண்டாவது தப்பு.

தெலுக் பஹாங்ல இருந்து பந்தாய் கெராச்சுட் வரைக்கும் இருக்கற பக்கம் பினாங்கு தேசியப் பூங்கா, 2003-ல அறிவிச்சது. வாசல்ல பேர் பதிஞ்சிட்டுப் போகணும். இங்க கடல் கழுகு, நீர்நாய், நீள வால் குரங்கு, லோத்தோங் (இலை தின்னுற குரங்கு) எல்லாம் இருக்கு. கெராச்சுட்ல ஆமை முட்டையிட வருது, அதப் பாத்துக்கற நிலையமும் அங்கயே இருக்கு. கெராச்சுட்ல மேல நல்ல தண்ணி, அடியில உப்புத் தண்ணின்னு ரெண்டும் கலக்காம நிக்கிற ஏரி ஒன்னு இருக்கு, அதுல கயாக்க இறக்குற ஆசையே வேணாம்.

தீவுக்கும் பட்டர்வொர்த் பக்கத்துக்கும் நடுவுல, பாலத்துக்குக் கிட்ட, மிடில் பேங்க்னு ஒரு மேடு. மேல இருந்து பாத்தா வெறும் கலங்கல் தண்ணி. தண்ணி ரொம்ப வத்துற நாள்ல பாருங்க, பச்சைப் பசேல்னு கடல் புல் தலை தூக்கும். சின்ன மீன், நண்டு, நத்தை எல்லாம் அதுக்குள்ளதான் வளருது. இங்க ப்ரொப்பெல்லரும் ஆங்கரும்தான் எமன்.

பெருநிலத்துல தெலுக் ஆயர் தாவார்ல இருந்து குவாலா மூடா வரைக்கும் இருக்கற சேத்துக் கரை வேற மாதிரி. சைபீரியா, வட சீனா பக்கத்துல இருந்து குளிர் காலத்துக்கு வர்ற கரைப் பறவைங்க செப்டம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் இங்க வந்து மேயுது, உலக அளவுல முக்கியமான பறவை இடம்னு பட்டியல்ல இருக்கு. அந்த மாசங்கள்ல அங்க ஜெட் ஸ்கி எடுக்கவே எடுக்காதீங்க. என்னக் கேட்டா கயாக்கும் வேணாம், கரையில நின்னு பைனாகுலர்ல பாருங்க, அதுவே போதும்.

நிபோங் திபால்ல சுங்கை கிரியான்ல மின்மினி இருக்கு, அத 8-ல தனியா சொல்றேன். பூலாவ் பாயார் கெடாவச் சேர்ந்தது, கடல் பூங்கா, பவளம் இருக்கு. அங்க போறவங்க ஒன்னே ஒன்னு ஞாபகம் வச்சா போதும்: களைச்சுப் போனா பவளத்து மேல நிக்காதீங்க, மல்லாந்து மிதங்க. நீச்சல் தெரியாதவங்க லைஃப் ஜாக்கெட் போட்டுட்டுத்தான் இறங்கணும், ஏன்னா மூச்சு முட்டுற ஆளு கால் எட்டுற எடத்துல மிதிக்கத்தான் செய்வாரு, அப்போ அவர்கிட்ட பவளத்தப் பத்திப் பேசிப் பிரயோஜனம் இல்ல.

3. வீட்டுலயே பேக் பண்ணி முடிங்க

ஜெட்டிக்குப் போற வழியில கடையில வாங்கிக்கலாம்னு வந்தா கையில பிளாஸ்டிக் பையா வந்து சேரும். நாசி லெமாக் பொட்டலம், தாப்பாவ் பண்ண மீ, ரப்பர் பேண்ட், ஸ்ட்ரா, எல்லாமே லேசு, எல்லாமே காத்துல பறக்கும். தண்ணியில மிதக்குற பை ஆமைக்கு ஜெல்லி ஃபிஷ் மாதிரி தெரியும், முழுங்கிடும்.

சாப்பாட்ட மூடி போட்ட டப்பாவுல வீட்டுலயே போட்டுக்கங்க. தண்ணி பெரிய போத்தல்ல, கழுத்துல கயிறு கட்டி. குப்பைக்குன்னு தனியா ஒரு ட்ரை பேக் (தண்ணி புகாத பை), அத கயாக்கோட கட்டிடணும். எது எல்லாம் கவுந்தா மிதந்து போகுமோ அது எல்லாத்துக்கும் ஒரு கயிறு, கண்ணாடிக்கும் சிலிப்பருக்கும் கூட.

சன்ஸ்க்ரீன் கை பூரா பூசறத விட நீளக் கை சட்டை, தொப்பி போடுங்க. பூசுன க்ரீம் கொஞ்சம் கொஞ்சமா தண்ணியிலதான் போகுது, சில வகை பவளத்துக்கும் ஆகாது. சட்டை போட்டா ஜெல்லி ஃபிஷ் கிட்ட இருந்தும் காப்பு, பினாங்கு தண்ணியில பாக்ஸ் ஜெல்லி ஃபிஷ்ஷும் இருக்கு. சின்ன போத்தல்ல வினிகர் ஒன்னு வச்சுக்கங்க, கொட்டுன இடத்துல ஊத்த. கொட்டிடுச்சேன்னு கோவத்துல துடுப்பால அடிக்கிறவங்களப் பாத்திருக்கேன், துண்டு துண்டா ஆனாலும் அது கொட்டும், பக்கத்துல நீந்துறவங்களுக்குத்தான் ஆபத்து.

இதோட சேர்த்து ஒரு சின்னக் கத்திரி, கனமான கையுறை, ஒரு பெரிய ஸ்பாஞ்ச். கத்திரி எதுக்குன்னா தூண்டில் நரம்பு. பாக்காவ் வேர்ல, பாறை இடுக்குல சிக்கியிருக்கற நரம்ப வழியில பாத்தா வெட்டி எடுத்துட்டு வந்திடலாம், பறவைக் கால்ல சுத்துறது அதுதான். ஆனா மீனவங்க கட்டி வச்சிருக்கற வலையையும் கூண்டையும் தொடாதீங்க, கொடியும் மிதவையும் இருந்தா அது யாரோ ஒருத்தர் பொழப்பு.

ப்ளூடூத் ஸ்பீக்கர வீட்டுலயே விட்டுடுங்க. இதுக்குத்தான் என்கூட வர்ற பசங்க அதிகமா சண்டை போடுவாங்க, 6-வது பகுதியில ஏன்னு சொல்றேன்.

4. ஜெட்டியில: எண்ணெய், அப்புறம் பேச்சு

எஞ்சின் போட் எடுக்குறவங்களுக்கு. பெட்ரோல தண்ணிக்கு மேல நின்னு ஊத்தாதீங்க. டாங்க கழட்டி கரையில வச்சி, புனல் போட்டு, முக்கா வாசிக்குக் கொஞ்சம் மேல நிறுத்துங்க. வெயில்ல பெட்ரோல் விரியும், கழுத்து வரைக்கும் ரொப்புனா மூடி வழியா கசிஞ்சி அப்படியே கடலுக்குப் போகும்.

போட்டுக்குள்ள தேங்குன தண்ணியில எண்ணெய் மினுமினுன்னு வானவில் மாதிரி தெரிஞ்சா பம்ப் போட்டு வெளிய தள்ளாதீங்க, ஸ்பாஞ்ச்ல ஒத்தி டப்பாவுல பிழிஞ்சி கரைக்குக் கொண்டு வாங்க. சில போட்காரங்க பாத்திரம் கழுவுற சோப்ப ஊத்துவாங்க, மினுமினுப்பு போயிடும், எண்ணெய் போகாது. சின்னச் சின்னச் சொட்டா உடைஞ்சி தண்ணிக்குள்ள எறங்கும், மீன் குஞ்சுக்கு அது இன்னும் மோசம், அதுக்கு மேல சோப்பு வேற.

அப்புறம் கூட்டத்தோட பேசுறது. இத தண்ணியில வச்சி பேச முடியாது, காத்துல காது கேக்காது. மூணு சைகை மட்டும் சொல்லிக் குடுங்க: துடுப்ப படுக்க வச்சி தலைக்கு மேல தூக்குனா எல்லாரும் நிக்கணும், கைய கீழ அமுக்குனா பேச்சக் குறைக்கணும், கை காட்டுன பக்கம் ஒதுங்கணும். முன்னாடி போறவர யாரும் தாண்டக் கூடாது, கடைசியில ஒரு அனுபவசாலி வரணும். குடும்பமா வந்தா பெரியவங்ககிட்டதான் முதல்ல சொல்லணும், "மாமா, நீங்க கடைசியா வாங்க, புள்ளைங்க உங்களத் தாண்டி பின்தங்கக் கூடாது"ன்னு ஒரு பொறுப்பக் குடுத்தா அவங்களே அழகா பாத்துக்குவாங்க.

போட்மேன் வச்சிப் போறீங்கன்னா பேரம் பேசுறப்பவே சொல்லிடுங்க: "பாக் சிக், டால்ஃபின் தெரிஞ்சா துரத்த வேணாம், தூரமா நின்னா போதும், காசு அதேதான்." பாதி போட்மேனுங்க துரத்துறது நமக்குப் புடிக்கும்னு நினைச்சித்தான். காசு குறையாதுன்னு தெரிஞ்சா அவங்களும் நிம்மதியா நிறுத்துவாங்க, அவங்களுக்குப் பெட்ரோல் மிச்சம்.

5. கரையோரம் மெதுவா

கரையில இருந்து 50 மீட்டர் வரைக்கும், பாக்காவ் வாய்க்கால்ல முழுக்க, எஞ்சின் சும்மா ஓடுற வேகம்தான். பின்னாடி திரும்பிப் பாருங்க, உங்க போட் கிளப்புன அலை கரையில மோதி நுரைச்சா வேகம் ஜாஸ்தி. அந்த அலை மண்ண அரிச்சி வேரத் தொங்க விட்டுடும், கொஞ்ச நாள்ல மரம் சாயும்.

தண்ணி கம்மியான எடத்துல போட்டுக்குப் பின்னாடி சேறு கலங்கி கோடு விழுந்தா ப்ரொப்பெல்லர் தரையத் தொடுதுன்னு அர்த்தம். உடனே எஞ்சின நிறுத்தி, தூக்கி, கம்பால தள்ளி வெளிய வாங்க. ரிவர்ஸ் போடாதீங்க, போட்ட குழியவே இன்னும் ஆழமா தோண்டும்.

6. மிருகத்தப் பாத்துட்டீங்க, இப்போ என்ன பண்றது

இங்கதான் எல்லாரும் சொதப்புறாங்க, அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன்.

எத்தனை மீட்டர்னு கேப்பாங்க. டால்ஃபினுக்கு நான் 50 மீட்டர் வச்சிருக்கேன், நாலு பஸ்ஸ வரிசையா நிறுத்துன நீளம். நீர்நாய்க்கு கட்டை விரல் கணக்கு: கைய நல்லா நீட்டி, ஒரு கண்ண மூடி, கட்டை விரல தூக்குங்க, விரலுக்குப் பின்னாடி அது முழுசா மறைஞ்சா தூரம் சரி, இல்லன்னா பின்னாடி வாங்க. பறவைக்கு இது செல்லாது, பறவை சின்னது, விரல்ல மறையுற தூரத்துல அது எப்பவோ பறந்திருக்கும்.

ஆனா மீட்டர விட முக்கியம் அது என்ன பண்ணிக்கிட்டு இருந்திச்சோ அதத் தொடர்ந்து பண்ணுதான்னு பாக்குறது. மேஞ்சிக்கிட்டிருந்த பறவை தலைய நிமிர்த்தி உங்களப் பாத்தா அதுவே முதல் எச்சரிக்கை. அப்புறம் நடந்து தள்ளிப் போகும், அப்புறம்தான் பறக்கும். தலை நிமிர்ந்தப்பவே துடுப்ப நிறுத்திட்டா அது திரும்பக் குனிஞ்சிடும். பறந்த பின்னாடி நிறுத்தி பிரயோஜனம் இல்ல. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் திரும்பிப் பறக்க சேத்து வைக்கிற கொழுப்ப ஒவ்வொரு தடவ எழும்புறப்பவும் அது செலவு பண்ணுது.

தெலுக் பஹாங் தாண்டி ஒரு நாள் காலைல பாறை மேல அஞ்சு நீர்நாய் பாத்தோம். சத்தமே இல்லாம மிதந்துகிட்டு இருந்ததால அது மீன் எலும்ப கடிக்கிற நறநற சத்தம் கேட்டுச்சி, மீனோட வால ரெண்டு முன்னங்கையாலயும் புடிச்சிக்கிட்டு, கண்ண மூடிக்கிட்டு மெல்லுது, மீசையில மீன் செதில் ஒட்டியிருக்கு. எங்க பின்னாடி வந்த வேற ஒரு போட்ல பாட்டு. ஒன்னு பின்னங்கால்ல எழும்பி நின்னுச்சி, அவ்ளோதான், அஞ்சும் தண்ணிக்குள்ள. பாதி மீன் பாறை மேல கிடக்கு. குட்டிக்குப் புடிச்ச மீனா இருந்தா அன்னைக்கு குட்டிக்கு சாப்பாடு இல்ல. ஸ்பீக்கர் வேணாம்னு நான் சொல்றது இதுக்குத்தான்.

டால்ஃபின்: கரையோரமா வர்ற ஹம்ப்பேக் டால்ஃபின் சின்னதுல சாம்பல், வயசாக வயசாக ரோஸ். அதுக்கு முன்னாடி போய் மறிக்காதீங்க, பின்னாடி இருந்தும் துரத்தாதீங்க, பக்கவாட்டுல அது போற திசையில மெதுவா போங்க. கூட்டத்துக்கு நடுவுல போட்ட விடாதீங்க, தாயும் குட்டியும் பிரிஞ்சிடும். அதுவே கிட்ட வந்தா கியர நியூட்ரல்ல போட்டுட்டு சும்மா இருங்க. ரொம்ப நேரம் முங்கியே இருக்கு, வால தண்ணியில அடிக்குது, திசைய மாத்தி மாத்திப் போகுதுன்னா அது விளையாட்டு இல்ல, விடுங்கன்னு சொல்லுது. நல்லா இருந்தாலும் 15 நிமிஷத்துல நாம கிளம்பிடணும், அடுத்து வேற போட் வரும், அதுக்கு அடுத்து இன்னொன்னு வரும், அதுக்கு ஓய்வே இல்ல. 1999-ஆம் வருஷத்து மீன்வள விதிப்படி டால்ஃபின தொந்தரவு பண்றதே குத்தம், தெரியாதுன்னு சொல்லி தப்பிக்க முடியாது.

ஆமை மூச்சு விட மேல வரும். தேங்காய் மாதிரி ஒரு தலை, 'புஸ்'ஸுன்னு ஒரு சத்தம், ரெண்டு மூணு நொடி, திரும்ப உள்ள. அந்த நொடியில நீங்க பக்கத்துல பாஞ்சா மூச்ச முழுசா எடுக்காமலே முங்கிடும். தலையப் பாத்த எடத்துல எஞ்சின நியூட்ரல் பண்ணுங்க, திரும்ப அதே பக்கத்துலதான் வரும், அடிபடுறது ப்ரொப்பெல்லர்லதான்.

சாப்பாடு போடுறது பத்தி. தேசியப் பூங்காவுல இருக்கற மங்கி பீச்ல குரங்குக்கு பிஸ்கட் நீட்டுறவங்க, லங்காவி போட் ட்ரிப்புல கழுகுக்கு கோழித் தோல் எறியிறவங்க, ரெண்டும் ஒன்னுதான். கருடனப் பாத்தா கன்னத்துல போட்டுக்கற ஆளுங்க நாம, அதுக்கு கோழித் தோல் போட்டு போட்டோ எடுக்குறதுல என்ன மரியாதை இருக்கு? வேட்டை மறந்துடும், எஞ்சின் சத்தம் கேட்டாலே ஓடி வரும், குஞ்சுக்கு அந்தத் தோல்ல சரியான சத்து கிடைக்காது. குரங்கு விஷயத்துல இன்னும் மோசம், இன்னைக்கு நீங்க குடுக்குறீங்க, நாளைக்கு வேற ஒரு அக்கா கைப் பைய இழுக்கும், கடிக்கும், அப்புறம் புகார் போய் அதத்தான் புடிச்சிட்டுப் போவாங்க. சாப்பாட்டு டப்பாவ மங்கி பீச்ல திறக்காம இருந்தா போதும்.

ட்ரோன் வேணவே வேணாம். கூட்டுல இருக்கற கடல் கழுகு அத எதிரின்னு நினைச்சி எழும்பும், முட்டை வெயில்ல காயும்.

7. ஆங்கர் போடுறது, கரை ஏறுறது

ஆங்கர வீசாதீங்க, இறக்குங்க. மணல்ல இறக்குங்க. தண்ணி தெளிவா இருந்தா வெளிர் நிறமா தெரியிறது மணல், திட்டு திட்டா கருப்பா தெரியிறது புல் இல்லன்னா பாறை. நம்ம பக்கம் தண்ணி கலங்கல்ங்கறதால கண்ணுக்குத் தெரியலன்னா சுத்தி மீன் புடிக்கிறவங்களக் கேளுங்க, அடி அடியா சொல்வாங்க.

கயிறு ஆழத்தைப் போல அஞ்சு மடங்காவது விடணும். கயிறு கம்மியா இருந்தா ஆங்கர் புடிக்காது, அலை இழுக்க இழுக்க தரைய உழுதுக்கிட்டே போகும். தூக்குறப்போ போட்டை ஆங்கருக்கு நேர் மேல கொண்டு வந்துட்டு நேரா இழுங்க. பச்சையா புல் ஒட்டிக்கிட்டு வந்தா இடம் தப்பு, அடுத்த தடவ அங்க போடாதீங்க.

கரை ஏறுறப்போ எல்லாரும் ஒரே வழியில. கடல் கொடி படர்ந்திருக்கற மேல் மணலுக்குப் போகாதீங்க, ஆமை முட்டையிடுறது அந்த உயரத்துலதான், அலை தொடாத மணல்ல. கயாக்க அங்க இழுத்துப் போட்டா மண் இறுகும். ஈர மணல்ல வச்சி பாறையில கட்டுங்க.

பெலாங்காஸ் (குதிரை லாட நண்டு) கவுந்து கிடந்தா வாலப் புடிச்சித் தூக்காதீங்க, பக்கத்து ஓட்டப் புடிச்சி மெல்ல திருப்பி விடுங்க. பௌர்ணமி, அமாவாசை ஏத்தத்துலதான் அது முட்டையிட கரைக்கு வரும்.

8. ராத்திரி போறவங்களுக்கு

மின்மினி பாக்கப் போறப்போ ஒரே விதி, வெளிச்சம் இல்ல. டார்ச் இல்ல, ஃப்ளாஷ் இல்ல, போன் திரையும் பாக்கெட்டுக்குள்ள. பெரெம்பாங் மரத்துல உக்காந்து ஆண் பூச்சி மினுக்குறது பெண் பூச்சியக் கூப்புடத்தான், நீங்க ஒரு தடவ ஃப்ளாஷ் அடிச்சா அந்தப் பேச்சு அறுந்துடும். போன்ல எடுத்தா கருப்பாத்தான் வரும், கண்ணால பாருங்க. மரத்துல இடிக்காம, கிளைய உலுக்காம, எஞ்சின் இல்லாம துடுப்புப் போட்டுப் போனா நல்லது. குவாலா சிலாங்கூர் கம்போங் குவாந்தான்ல சம்பான்ல அப்படித்தான் கூட்டிட்டுப் போறாங்க, கேஎல்ல இருந்து வர்றவங்க அங்க ஒரு தடவ போய்ப் பாருங்க.

ஆமை வர்ற கரையில ராத்திரி நெருப்பு மூட்டுறது, விளக்குக் கட்டுறது, முகாம் போடுறது எதுவா இருந்தாலும் முன்னாடியே அனுமதி கேட்டுட்டு, அனுமதி குடுக்குறவங்க சொல்ற எடத்துல மட்டும். முட்டையில இருந்து வர்ற குஞ்சு வெளிச்சமா இருக்கற பக்கம்தான் கடல்னு ஓடும். உங்க விளக்கு கடல விட வெளிச்சமா இருந்தா காட்டுப் பக்கம் ஓடி நண்டுக்கு இரையாகிடும்.

9. ஜெட் ஸ்கி, பனானா போட்

பத்து ஃபெரிங்கி பீச்ல எடுக்குறவங்க, குறியிட்ட வழியில நேரா வெளிய போயிட்டு அங்கயே சுத்துங்க, தேசியப் பூங்கா பக்கம் திருப்பாதீங்க. ஒரே எடத்துல வட்டம் போடாதீங்க, அடியில இருக்கறது தப்பிச்சிப் போக வழியே இருக்காது. பறவை மிதந்துகிட்டிருக்கற கூட்டத்துக்குள்ள பாஞ்சி எழுப்புறது விளையாட்டுன்னு நினைக்கிற தம்பிங்க நிறைய பேரு, அங்க பறவை இருக்குன்னா அடியில மீன் இருக்கு, மீன் இருக்குன்னா டால்ஃபினும் இருக்கலாம். சுத்திப் போங்க.

10. சாமி காரியத்துக்கும் அஸ்திக்கும் போட் எடுக்குறவங்க

இதையும் சொல்லியே ஆகணும், நம்மாளுங்க கடலுக்குப் போறது விளையாட்டுக்கு மட்டும் இல்ல. தெலுக் பஹாங் சிங்கமுகக் காளியம்மன் கோயில் மாசி மகத் தெப்பத் திருவிழாவுக்குப் போறவங்க விளக்கு விடுறப்போ வாழை மட்டை, பாக்கு மட்டை, இலையில விடுங்க. போலிஸ்தைரின் தட்டு வேணாம், அது கரையாது, பொடிப் பொடியா உதிரும், மீன் தின்னும். பழம், பூ, கற்பூரம் போதும்.

அஸ்தி கரைக்கப் போறப்போ துக்கத்துல யாருக்கும் இதெல்லாம் தோணாது, அதனால கூடப் போற ஒருத்தர் இந்தப் பொறுப்ப எடுத்துக்கணும். மாலையில சுத்தியிருக்கற ஜிகினா, நைலான் நூல், பிளாஸ்டிக் பை எல்லாத்தையும் வீட்டுலயே பிரிச்சிடுங்க. பூவ உதிர்த்து விடலாம். துணியும் பானையும் தண்ணியில போடணும்னு இருந்தா பருத்தித் துணி, சுட்ட மண் பானை. எங்க தாத்தாவுக்குப் போனப்போ எங்க அத்தைதான் மாலை நூல எல்லாம் உருவி மடியில சுருட்டி வச்சிக்கிட்டாங்க, குருக்களும் ஒன்னும் சொல்லல.

11. அடிபட்ட ஆமையோ டால்ஃபினோ கண்ணுல பட்டா

கிளம்புறதுக்கு முன்னாடியே மீன்வளத் துறையோட பினாங்கு அலுவலகம், பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை), ரெண்டு எண்ணையும் போன்ல ஏத்தி வச்சுக்கங்க. கடல்ல தேட சிக்னல் இருக்காது. ஆமை, டால்ஃபினுக்கு மீன்வளத் துறை, நீர்நாய், பறவை, குரங்குக்கு பெர்ஹிலித்தான். ஆளுக்கு ஆபத்துன்னா 999.

ஆமை சோர்ந்து மிதந்தா தண்ணிக்குள்ள அமுக்காதீங்க, கரையில கிடந்தா கடலுக்குத் தள்ளாதீங்க. பாவம்னு தள்ளி விடுவாங்க, அதுக்கு தலை தூக்கி மூச்சு விடவே தெம்பு இருக்காது, மூழ்கிடும். நிழல் குடுங்க, ஈரத் துணிய ஓட்டு மேல போடுங்க, மூக்க மூடாதீங்க. வாயில தூண்டில் முள் இருந்தா இழுக்காதீங்க, நரம்ப ஒரு முழம் விட்டு வெட்டுங்க, அதப் புடிச்சித்தான் டாக்டர் முள்ளத் தேடுவாரு.

டால்ஃபின் கரை ஒதுங்கியிருந்தா வாலப் புடிச்சி இழுக்கவே கூடாது. உடம்ப ஈரமா வச்சிக்கங்க, தலைக்கு மேல இருக்கற மூச்சுத் துளையில தண்ணியோ மணலோ போகாம பாத்துக்கங்க. சுத்தி இருக்கற கூட்டத்த தள்ளி நிறுத்துறதுதான் பெரிய வேலை, அதுக்கு குரல் உள்ள ஒருத்தர விடுங்க.

போன் பண்றப்போ இடம், நேரம், மூச்சு விடுதா, எவ்ளோ நீளம், இந்த நாலும் சொல்லணும். போட்டோ ஒன்னு பக்கவாட்டுல. செத்ததா இருந்தாலும் சொல்லுங்க, எதனால செத்துச்சின்னு அவங்க பாப்பாங்க.

12. திரும்பி வந்ததும்

எல்லாரும் களைச்சிப் போயிருப்பாங்க, காடில ஏறி ரோத்தி சானாய் சாப்பிடப் போகணும்னு நிப்பாங்க. அதுக்கு முன்னாடி குப்பைப் பையத் திறந்து எண்ணுங்க, கொண்டு போன போத்தலும் டப்பாவும் எண்ணிக்கை சரியா வருதான்னு. குறைஞ்சா எங்க விட்டோம்னு அப்பவே கேளுங்க, வெளிச்சம் இருந்தா திரும்பிப் போய் எடுக்கலாம்.

கயாக்க ஜெட்டியிலயே தேச்சிக் கழுவுங்க, சேறு, பாசி, செடித் துண்டு ஒன்னும் ஒட்டியிருக்கக் கூடாது. உள்ள தேங்குன தண்ணிய வந்த எடத்துலயே கவுத்து விடுங்க. இன்னைக்கு ஏரியில போட்ட கயாக்க நாளைக்கு ஆத்துல போட்டா அங்க இல்லாத செடியும் பூச்சியும் உங்ககூடவே போய் இறங்கும், ஆகாயத்தாமரை ஒரு துண்டு போதும் குளத்த மூட. ரெண்டு நாள் வெயில்ல கவுத்துப் போட்டு நல்லா காஞ்ச பின்னாடிதான் அடுத்த தண்ணிக்கு. லைஃப் ஜாக்கெட்டோட பட்டை, சீட்டுக்கு அடியில இருக்கற இடுக்கு, துடுப்போட இணைப்பு, இந்த மூணுலதான் ஈரம் நிக்கும்.

கடைசியா போன்ல ஒரு நோட்டு எழுதி வைங்க: தேதி, திதி, எத்தனை மணிக்கு தண்ணி எங்க இருந்திச்சி, என்ன பாத்தோம், எது நம்மளால எழும்பிப் பறந்திச்சி, அப்போ எவ்ளோ கிட்ட இருந்தோம். என்னோட பழைய நோட்டுல பூலாவ் பெத்தோங் பக்கம் எழுதியிருக்கறது: "காலை 10.20, பாதி வத்தல், வலது கரை கொக்கு, 60 மீட்டர்ல எழும்பிடுச்சி. இனி இடது ஓரமா."